கண் புரையும் கைத்தொழிலும்

நெசவாளரின் மூலதனம் தறியும் நூலும் என்று சங்கக் கணக்குகளில் எழுதுகிறோம். எந்தக் கணக்கிலும் எழுதப்படாத மூலதனம் ஒன்றும் உண்டு. அதுவே அவருடைய கண். பாவில் அறுந்த இழையைக் காண்பதும், அதை உடனே பிணைப்பதும், நிறத்தோடு நிறம் பொருந்துகிறதா என்று ஆராய்வதும் கண்ணின் வேலைகள். பயிர்த்தொழில் செய்வோர்க்கும் இஃது ஒக்கும். இலையின் அடியில் ஒட்டியுள்ள பூச்சியையும், வரப்பில் கிடக்கும் பாம்பையும் கண்டுகொள்ள வேண்டியவர் அவர்.

இந்தக் கண்ணை மெல்ல மெல்ல மறைப்பது புரை நோய். உலகில் மக்கள் பார்வையிழப்பதற்குரிய காரணங்களுள் முதன்மையானது இதுவே. எனினும், இதனால் மறைந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்பது நாம் ஆறுதல் கொள்ளத்தக்க செய்தி.

எம் தந்தையார் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழித்தறியில் நெய்தவர். அவருடைய வலக் கண்ணுக்கு 2017-ஆம் ஆண்டிலும், இடக் கண்ணுக்கு 2019-ஆம் ஆண்டிலும் மதுரையில் புரைக்கான அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. இருமுறையும் யான் உடனிருந்தேன். ஒரு கண் காலந்தாழ்த்திச் சிகிச்சை பெற்றது. மற்றொன்று உரிய காலத்திற் பெற்றது. இரண்டுக்கும் இருந்த வேறுபாட்டை அங்கத்தினர்கள் அறிவது பயனுடையது எனக் கருதி இதை எழுதுகிறேன்.

புரை என்பது யாது?

கண்மணிக்குப் பின்னால், லென்ஸ் எனப்படும் சிறு வில்லை ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். வெளியிலிருந்து வரும் ஒளியை விழித்திரையின்மேல் குவிப்பது அதன் தொழில். பளிங்கு போல் தெளிவாயுள்ள அந்த வில்லை வயது ஏற ஏற மங்குகிறது. முட்டையின் வெண்கரு சூடேறும்போது எவ்வாறு தெளிவிழந்து வெளுக்கிறதோ, ஏறக்குறைய அவ்வாறே வில்லையிலுள்ள புரதப் பொருளும் மாறுகிறது. இதுவே புரை. கண்ணின்மேல் வளரும் சதை அன்று. கண்ணில் விழுந்த தூசியாலோ, நூலைக் கூர்ந்து பார்த்ததாலோ உண்டானதும் அன்று.

முதுமையே பெரும் காரணம். நீரிழிவு, கண்ணிற் பட்ட அடி, புகைப் பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல், பல்லாண்டுகள் கடும் வெயிலில் உழைத்தல் ஆகியவை இதை விரைவுபடுத்தும். வந்துவிட்ட புரையைக் கரைக்கக்கூடிய சொட்டு மருந்தோ, லேகியமோ, பத்தியமோ இதுவரை இல்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லையை வைப்பதே சிகிச்சை.

அறிகுறிகள்

புரை வலியோடு வருவதில்லை. ஆகையால் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. எம் தந்தையார்க்கு முதலில் நேர்ந்தது ஒரு வேடிக்கை. நாற்பத்தைந்து வயது முதல் வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்து வந்தவர், அறுபத்திரண்டாம் வயதில் கண்ணாடியின்றியே பஞ்சாங்கம் படிக்கலானார். 'இளமை திரும்புகிறது' என்று தெருவிலுள்ளோரிடமெல்லாம் கூறி மகிழ்ந்தார். புரையின் தொடக்கத்தில் வில்லையின் திறன் மாறுவதால், அண்மைப் பார்வை சில காலம் சீராவதுண்டு. தொலைவுப் பார்வை அதற்கேற்ப மங்கும். முதியவர் ஒருவர் திடீரெனக் கண்ணாடியை வீசியெறிந்தால், வாழ்த்துவதோடு நில்லாமல் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்க.

அடுத்து, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசுவதாகக் கூறினார். பின்னர் நிறங்கள் மாறின. முற்றும் புரை பழுப்பேறுவதால், மஞ்சட்கண்ணாடி வழியே பார்ப்பது போல் எல்லாம் தோன்றும். வெள்ளை நூலுக்கும் சந்தன நிற நூலுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். நெசவாளர்க்கு இதனினும் பெரிய இடையூறு வேறு வேண்டுவதில்லை.

இங்கே என் உத்தியோக அனுபவத்திலிருந்து ஒன்று கூறுவது பொருந்தும். சங்கங்களின் உற்பத்திப் பதிவேடுகளைப் பார்வையிடும்போது, பல்லாண்டு பழகிய நெசவாளர் ஒருவரின் பெயருக்கு எதிரே மாதந்தோறும் குறைத்துணிக்கான கூலிப் பிடித்தம் தொடங்கி, அது படிப்படியாக ஏறுவதைக் காண்பதுண்டு. இழை விட்டுப்போயிற்று, கரை பிசகிற்று, நிறம் மாறிற்று என்று குறிப்பிருக்கும். கவனக்குறைவு என்று நிர்வாகம் எண்ணும். வயதாகிவிட்டது என்று நெசவாளர் நாணி வாய்திறவார். நாற்பது ஆண்டு பிழையின்றி நெய்த கை ஒரே ஆண்டில் கவனம் இழப்பதில்லை. இழந்தது கண்ணாக இருக்கலாம். அந்தப் பதிவேடு ஒருவகையில் வைத்தியக் குறிப்பும் ஆகும். பிடித்தம் செய்வதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வது சங்கத்தின் கடமை.

'முற்றட்டும்' என்னும் பழைய சொல்

எம் தந்தையார் மூன்று ஆண்டுகள் தாமதித்தார். கூலி நின்றுவிடுமே என்பது ஒரு காரணம். 'புரை நன்றாக முற்றிய பிறகே எடுக்க வேண்டும்' என்று பெரியோர் கூறக் கேட்டிருந்தது மற்றொரு காரணம்.

அச்சொல் அந்நாளில் பொருளற்றதன்று. முற்காலத்து அறுவையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அதனிடத்தில் ஒன்றும் வையாமல் விட்டுவிடுவர். பின்னர் 'சோடாபுட்டி' என்று நாம் கூறும் தடித்த கண்ணாடி அணிந்தாக வேண்டும். அதன் வழியே பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தோன்றும்; பக்கப் பார்வையும் குறையும். ஒரு கண் பொருளைப் பெரிதாகவும் மறுகண் இயல்பாகவும் காட்டினால் இரண்டும் ஒன்றுசேரா. ஆதலால் பார்வை பெரிதும் குறையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

இந்நிலை மாறியதற்கு ஒரு போர்க்கால நிகழ்ச்சி வழிகாட்டிற்று. இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் பிளாஸ்டிக் மூடி சிதறி, விமானிகள் சிலரின் கண்ணுக்குள் அதன் துண்டுகள் புகுந்தன. அவை உள்ளே தங்கியும் கண் பெரிதும் அழற்சியுறவில்லை என்பதை ஆங்கிலேய டாக்டர் ஹாரல்டு ரிட்லி கவனித்தார். அப்படியாயின் அதே வகைப் பொருளால் வில்லை செய்து கண்ணுள் வைக்கலாமன்றோ என்று கருதி, 1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதைச் செய்து பார்த்தார். பலர் எதிர்த்தனர். அம்முறை உலகெங்கும் ஏற்கப்படப் பல ஆண்டுகள் சென்றன. 1967-இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன், செவிக்கெட்டாத ஒலியதிர்வால் புரையைக் கண்ணுள்ளேயே பொடித்துச் சிறு துளை வழியே உறிஞ்சும் முறையைக் கண்டார்.

இவ்வசதி எளியவர்க்கும் எட்டியதில் நம் மதுரைக்குப் பெரும் பங்குண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்திற் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகியவர். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சார்பில் 1992-இல் ஏற்பட்ட ஆரோலேப் தொழிற்சாலை, அதுவரை அயல்நாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்துகொண்டிருந்த வில்லையை இங்கேயே செய்து, விலையைப் பன்மடங்கு குறைத்தது.

ஆகவே இக்காலத்தில் புரை முற்றக் காத்திருக்க வேண்டுவதில்லை. அன்றாட வேலைக்கு இடையூறு என்று தோன்றும்போதே டாக்டரிடம் செல்லலாம். முற்றவிடுவது தீங்கும் ஆகும். வில்லை கல்லைப் போல் இறுகினால் அறுவை கடினமாகிறது. சிலருக்கு மிக முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திக் கடும் வலியை விளைவித்து, பார்வை நரம்பையே கெடுத்துவிடும்.

பார்வை மங்கலெல்லாம் புரையென்று எண்ணுவதும் தவறு. கண் நீர் அழுத்த நோயாலும், நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் கேட்டாலும் பார்வை குறையும். இவற்றால் இழந்ததைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. 'புரைதானே, முற்றட்டும்' என்று காத்திருப்பவருக்கு உள்ளிருப்பது இவற்றுள் ஒன்றாயின், காத்திருந்த ஒவ்வொரு மாதமும் நட்டமே.

இரு கண்கள், இரு அனுபவங்கள்

2017-இல் வலக் கண்ணைப் பரிசோதித்த டாக்டரிடம், "ஐயா, முற்றிவிட்டதா?" என்று எம் தந்தையார் ஆவலோடு வினவினார். "முற்றிக் கல்லாகிவிட்டது, பெரியவரே! அடுத்த கண்ணையாவது இவ்வளவு நாள் வைத்திராதீர்கள்" என்பது விடை.

முன்னேற்பாடுகள் இருமுறையும் ஒன்றே. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்தனர். கண்ணின் நீளத்தையும் வளைவையும் கருவியால் அளந்து, வைக்க வேண்டிய வில்லையின் எண்ணைக் கணக்கிட்டனர். உண்டுவரும் மருந்துகளையெல்லாம் கேட்டனர். இதில் ஒளிவுமறைவு கூடாது. இரத்தம் உறையாதிருக்கக் கொள்ளும் மாத்திரையை மட்டுமன்றி, முதியோர் சிறுநீர் எளிதிற் பிரிவதற்காக உண்ணும் மாத்திரையையும் சொல்ல வேண்டும். அவ்வகை மாத்திரைகளுட் சில, அறுவையின்போது கண்மணி சரியாக விரியாதவாறு செய்யும். முன்னரே அறிந்தால் டாக்டர் அதற்கேற்ப நடந்துகொள்வார்.

மயக்கமுறச் செய்வார்கள் என்று எம் தந்தையார் அஞ்சினார். அவ்வாறு செய்யவில்லை. கண்ணருகே ஓர் ஊசியால் அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தனர். பேச்சுக்குரல் கேட்டது, வெளிச்சம் தெரிந்தது, நீர் வழிவது தெரிந்தது, வலி இல்லை என்று பிறகு கூறினார். கண்ணை வெளியே எடுத்துக் கழுவி வைப்பார்கள் என்று ஊரில் உலவும் பேச்சில் சிறிதும் உண்மையில்லை.

வலக் கண்ணில் புரை இறுகியிருந்தபடியால், சற்றுப் பெரிய கீறலிட்டு அதை முழுதாக எடுத்தனர். தையல் போடவில்லை. கட்டவிழ்த்த அன்று எல்லாம் பனிமூட்டம் போல் தெரிந்தது. கருவிழியில் வீக்கம் இருந்ததே அதற்குக் காரணம். 'பணமும் போயிற்று, கண்ணும் போயிற்று' என்று அவர் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. சொட்டு மருந்தால் வீக்கம் வடிந்து பார்வை தெளியப் பதினைந்து நாட்களாயின. தறியில் இறங்க ஆறு வாரமாயிற்று.

தெளிந்த பிறகு ஒருநாள் இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடி, கையிலிருந்த வெள்ளை நூற்கழியைப் பார்த்தார். வலக் கண்ணுக்கு அது வெள்ளையாகவும், இடக் கண்ணுக்கு வைக்கோல் நிறமாகவும் தோன்றிற்று. "இத்தனை நாளும் இந்தக் கண்ணை நம்பியா சேலை நெய்தேன்!" என்றார். அடுத்த கண்ணுக்கு அவரை வற்புறுத்த வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

2019-இல் இடக் கண்ணைக் காட்டியபோது, அக்கண்ணால் பேருந்தின் ஊர்ப்பலகையைச் சிரமத்தோடு படிக்குமளவுக்குப் பார்வை எஞ்சியிருந்தது. புரை மென்மையாயிருந்ததால், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே ஒலியதிர்வு முறையில் அதைப் பொடித்து எடுத்து, மடித்த வில்லையை உட்செலுத்தினர். கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுநாளே சுவர்க் கடிகாரத்தின் முட்களைத் தெளிவாகக் கண்டார். மூன்றாம் வாரத்தில் டாக்டர் அனுமதியோடு தறிக்குத் திரும்பினார். ஆறு வாரக் கூலியிழப்பு மூன்று வாரமாகக் குறைந்தது. தாமதத்தால் கூலி மிச்சமாகும் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

அறுவை அரைமணிக்குள் முடிந்துவிடலாம். அதைக் காப்பது ஒரு மாதத்து வேலை. சொட்டு மருந்தை நாளுக்கு இத்தனை முறை என்று தொடங்கி, வாரந்தோறும் குறைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விடச் சொல்வார்கள். எம் தாயார் தறிக்காலில் சுண்ணாம்புக் கோடிட்டுக் கணக்கு வைத்தார். சொட்டு விடுமுன் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவினார். பார்வை தெளிந்துவிட்டதென்று மருந்தை நடுவில் நிறுத்தலாகாது. கண்ணைக் கசக்குவதும், அதில் தண்ணீர் படவிடுவதும், பளு தூக்குவதும் டாக்டர் குறித்த நாள்வரை கூடா. உறங்கும்போது மூடியை அணிதல் நலம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுவது பெருங்கேடு. உணவில் பத்தியம் வேண்டுவதில்லை. நீரிழிவுள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

வலி நாளுக்கு நாள் கூடினாலும், சிவப்பு மிகுந்தாலும், தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலும், கண்முன் மின்னலோ திரையோ தோன்றினாலும், குறிப்பிட்ட தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணுள் நச்சுக்கிருமி புகுவது அரிது. புகுந்தால் சில மணி நேரத் தாமதமும் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

சிலருக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கும். புரை திரும்பியது என்பார்கள். அஃது உண்மையன்று. புதிய வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை மங்குவதே காரணம். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்வார்கள். வில்லையோ ஆயுள் முழுதும் உழைக்கும்.

தொழிலுக்குத் திரும்புதல்

பொதுவாக வைக்கும் வில்லை ஒரே தூரத்திற்கே பார்வையைத் தெளிவாக்கும்; பெரும்பாலும் அது தொலைவுப் பார்வையாகும். படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். தறியில் அமர்ந்தவரின் கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ இரண்டடி. புத்தகம் படிக்கும் தூரத்திற்குக் கொடுத்த கண்ணாடி அங்கே பயன்படாது. எம் தந்தையார் முதன்முறை பெற்ற கண்ணாடியால் செய்தித்தாள் தெளிவாயிற்று. அச்சிலுள்ள இழை தெளிவாகவில்லை. தறியின் தூரத்தை முழக்கயிற்றால் அளந்துகொண்டு சென்று காட்டிய பின், அதற்கென வேறு கண்ணாடி எழுதித் தந்தார்கள். எனவே வில்லையை அளக்கும் அன்றே, 'நான் நெசவாளன், எனக்கு இந்தத் தூரத்தில் வேலை' என்று டாக்டரிடம் சொல்லுக.

தறியடியில் பறக்கும் பஞ்சுத் தூசி, கதிரடிக்கும் களத்துச் சுணை, வயற்சேறு, பூச்சிமருந்துப் புகை ஆகியவை புண் ஆறும்வரை ஆகா. பயிரின் இலையோ தாளோ கண்ணிற் பட்டால் காளான் வகைக் கிருமி பற்றவும் கூடும். நெசவாளர் கைப்பாவை அறுத்து முடித்து, புதுப்பாவு ஏற்றுமுன் செல்வதும், உழவர் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே செல்வதும் சிறந்த ஏற்பாடு. குளிர்காலத்தில்தான் செய்ய வேண்டும் என்னும் நியதி இப்போது இல்லை.

சங்கம் செய்யத்தக்கவை

அரசு மருத்துவமனைகளிலும், தரும நோக்குடைய கண் மருத்துவமனைகள் நடத்தும் முகாம்களின் வழியாகவும் கட்டணமின்றி இச்சிகிச்சை கிடைக்கிறது. ஆகவே ஏழை அங்கத்தினரைத் தடுப்பது பெரும்பாலும் கூலியிழப்பும், துணைக்கு ஆளின்மையும், அச்சமுமே. இம்மூன்றும் சங்கத்தால் தீர்க்கக்கூடியவை. கண் முகாம் ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் நடத்தலாம். நான்கைந்து பேரை ஒரே நாளில் ஒரு துணையோடு அனுப்பலாம். சிகிச்சை பெற்றுத் திரும்பியவரைக் கொண்டே மற்றவர்க்கு விளக்கலாம். ஆய்வாளரின் பத்துச் சொற்பொழிவினும் தெருக்காரரின் ஒரு சொல் வலிது. ஓய்வு வாரங்களுக்குச் சேமிப்பிலிருந்து முன்பணம் தர விதிகளில் இடமுண்டா என்று நிர்வாகக் குழு ஆராயலாம்.

வாசக வட்டங்களில் விவாதிப்பதற்கு

1. சென்ற ஓராண்டில் கூலிப் பிடித்தம் மிகுந்த முதிய அங்கத்தினர் நம் சங்கத்தில் எத்தனை பேர்? அவர்களுள் கண் பரிசோதனை செய்துகொண்டோர் எத்தனை பேர்?

2. புரை முற்ற வேண்டும் என்னும் எண்ணம் நம் ஊரில் இன்னும் உள்ளதா? அதை நீக்குவது எவ்வாறு?

3. ஒரு நெசவாளர் மூன்று வாரம் தறியை நிறுத்தினால் அக்குடும்பத்திற்கு ஆகும் இழப்பு எவ்வளவு? அதில் எப்பகுதியைச் சங்கம் தாங்க இயலும்?

4. தார் சுற்றும் பெண்டிரும், களத்தில் உழைக்கும் பெண்டிரும் தம் கண்ணைப் பற்றி வாய்திறவாதிருப்பது ஏன்? அவர்களுக்கென வகுக்கத்தக்க ஏற்பாடு யாது?